நாமக்கல்லில் 12 லாரி: வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா? ஒரு நிகழ்வு ஆய்வு

நாமக்கல்லில் சொந்தமாக 10 லாரி ஓட்டும் ஒரு கூட்டு நிறுவனம். அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றிலிருந்து கோவைக்கு மூட்டை சிமெண்ட் ஏற்ற 36 மாத ஒப்பந்தம் கைக்கு வருகிறது. கையில் இருக்கும் 10 வண்டிக்கும் வேலை இருப்பதால் புதிதாக 12 வண்டி தேவை. பைனான்ஸில் வாங்கலாம் என்கிறார் ஒரு பங்குதாரர். "லீஸுக்கு எடுத்தால் முன்பணம் மிச்சம், வாடகை முழுதும் செலவுக் கணக்கு, மூன்று வருடத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்" என்கிறார் இன்னொருவர். இந்த மூன்று காரணங்களும் காகிதத்தில் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

நிறுவனம் ஒரு மாதிரி. விலை, வட்டி, மைலேஜ், மறுவிற்பனை எல்லாம் கணக்குக்காக வைத்த எண்கள். அவரவர் கொட்டேஷனில் உள்ளதைப் போட்டுத் திரும்பக் கணக்கிட வேண்டும். சட்டமும் வரி விகிதமும் மட்டும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வேலையை அளப்பது

அரியலூரிலிருந்து கோவை ஏறக்குறைய 280 கி.மீ. போய்வர 560. ஆலையில் வரிசை, இறக்குமிடத்தில் காத்திருப்பு இரண்டையும் சேர்த்தால் மாதம் 13 நடை ஓடும். ஆக 7,280 கி.மீ. வண்டி 12 சக்கர, 35 டன் மொத்த எடை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பளுவை உயர்த்திய பிறகு இந்த ரகம் சிமெண்ட் லைனில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பாடியோடு வெற்று எடை 11 டன் என்று வைத்தால் நடைக்கு 24 டன் ஏறும். ஒரு வண்டிக்கு மாதம் 312 டன்.

ஒப்பந்தத்தில் இரண்டு எண் உண்டு. உச்ச மாதங்களில் ஆலை கேட்பது 3,750 டன். எந்த மாதமானாலும் கொடுப்பதாக எழுதித் தருவது 2,500 டன் மட்டும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டட வேலை படுத்துவிடும், லோடும் அந்த இரண்டாவது எண்ணுக்கு இறங்கிவிடும். 3,750 டன்னுக்கு 12 வண்டி வேண்டும், 2,500 டன்னுக்கு 8 போதும். "12 வண்டி தேவை" என்று ஆரம்பித்த பேச்சு இந்த இடத்திலேயே பாதி மாறிவிட வேண்டும். வாங்கினாலும் லீஸ் எடுத்தாலும் கட்டணம் மழை பார்க்காது.

வாங்கும் கணக்கு

சேஸிஸ், கேபின் ₹34 லட்சம், பாடி ₹5 லட்சம், ஆக ₹39 லட்சம். சரக்கு வாகனத்துக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அந்த 18 சதவீதம் ₹7.02 லட்சம் சேர்ந்து ₹46.02 லட்சம். பதிவு, இன்சூரன்ஸ், பர்மிட் இரண்டு வழியிலும் ஓட்டுபவர் தலையில்தான் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடன் ₹38 லட்சம், 10 சதவீத வட்டி, 60 மாதம். டியூ மாதம் ₹80,739. கைப்பணம் ₹8.02 லட்சம். 36ஆம் மாதம் டியூ கட்டிய பிறகு அசல் பாக்கி ₹17.50 லட்சம் நிற்கும். அப்போது வண்டி என்ன விலை போகும் என்பதுதான் இந்த ஆய்வு முழுவதையும் தாங்கும் கேள்வி. நல்ல சந்தைக்கு ₹24 லட்சம், மோசமான சந்தைக்கு ₹19 லட்சம் என்று இரண்டு நிலை எடுத்துக்கொள்வோம்.

இதில் பலர் விட்டுவிடும் ஒரு வரி இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனம் பழைய வண்டியை விற்கும்போது, வாங்கிய சமயத்தில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யைத் தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வது) எடுக்காமல் இருந்து, வருமான வரியில் தேய்மானம் கழித்திருந்தால், விற்ற விலைக்கும் தேய்மானம் போக மீதியான புத்தக மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் கட்ட வேண்டும். 30 சதவீதத் தேய்மானத்தில் மூன்று வருடம் போனால் ₹46.02 லட்சம் ₹15.78 லட்சமாகிவிடும். ₹24 லட்சத்துக்கு விற்றால், அது வரி உட்பட்ட விலை என்று வைத்தால், அதில் ₹1.25 லட்சம் வரிக்குப் போய்க் கையில் நிற்பது ₹22.75 லட்சம். ₹19 லட்சத்துக்கு விற்றால் ₹18.51 லட்சம்.

முன்பணம், டியூ, கடைசியில் வரும் தொகை எல்லாவற்றையும் அதே 10 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து 36ஆல் சமமாகப் பிரித்தால், வண்டியை வைத்திருக்கும் செலவு நல்ல சந்தையில் மாதம் ₹94,050, மோசமான சந்தையில் ₹1,04,190. டீசல், டயர், டிரைவர் படி எதுவும் இதில் இல்லை.

லீஸ்காரரின் கணக்கு

லீஸ் கொட்டேஷனில் ஒரே ஒரு எண்தான் பளிச்சென்று இருக்கும், அது மாத வாடகை. அதற்கு அடியில் மூன்று எண்கள் ஒளிந்திருக்கும்: வண்டியின் விலை, லீஸ்காரர் போடும் வட்டி, 36 மாத முடிவில் வண்டி எவ்வளவு பெறும் என்று அவர் வைக்கும் எச்ச மதிப்பு. வாடகைக்கு ஜி.எஸ்.டி. வசூலிப்பவர் என்பதால் அவருக்கு வண்டியின் வரி வரவாகத் திரும்பக் கிடைக்கும், ஆகவே அவர் போடும் முதல் ₹39 லட்சம். வட்டி 12 சதவீதம், எச்ச மதிப்பு விலையில் 40 சதவீதமான ₹15.60 லட்சம் என்று வைத்தால் வாடகை ₹93,300 வரும். டிரைவர் இல்லாமல் வண்டியை மட்டும் லீஸுக்கு விட்டால் வண்டிக்கு என்ன வரி விகிதமோ அதேதான் வாடகைக்கும். 18 சதவீதம் சேர்த்து ₹1,10,094. மூன்று மாத வாடகை, ₹2.80 லட்சம், வைப்புத்தொகை.

இந்த நிறுவனம் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் ஓடுகிறது. சரக்கு ஏற்றும் வாடகைக்கான வரியை ஆலையே கட்டிவிடும், வண்டிக்காரருக்கு வரவு கிடையாது. ஆகவே லீஸ் செலவு முழு ₹1,10,094. வாங்குவதோடு ஒப்பிட்டால் நல்ல சந்தையில் மாதம் ₹16,000, மோசமான சந்தையில்கூட ₹5,900 அதிகம். வண்டி ₹16 லட்சத்துக்கும் கீழே விலை போனால்தான் லீஸ் ஜெயிக்கும்.

முன்பணம் மிச்சமாகும் என்ற முதல் காரணத்தை இப்போது உரசிப் பார்க்கலாம். லீஸ் எடுத்தால் தொடக்கத்தில் வண்டிக்கு ₹5.22 லட்சம் கையில் நிற்கும், உண்மை. அதற்குப் பதிலாக மாதாமாதம் ₹29,355 அதிகம் கட்ட வேண்டும், கடைசியில் விற்றுக் கடன் அடைத்து மிஞ்சும் பணமும் இல்லை, வைப்புத்தொகை மட்டும் திரும்பும். இதை ஒரு கடனாகப் பார்த்தால் வட்டி மாதத்துக்கு 5 சதவீதம். ஆண்டுக்கு அல்ல, மாதத்துக்கு. மோசமான சந்தை என்று வைத்தாலும் மாதம் 3.8 சதவீதம். இந்த வட்டிக்குக் கைமாற்று வாங்கினால் வீட்டில் சண்டை வரும். லீஸ் காகிதத்தில் வந்தால் "முன்பணம் மிச்சம்" என்ற பெயரில் கையெழுத்தாகிவிடுகிறது.

வரி வரவு வந்தால் தீர்ப்பு மாறுமா?

"18 சதவீத முறைக்கு மாறினால் வரவு கிடைக்கும், அப்போது லீஸ்தான் லாபம்" என்று ஆடிட்டர் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கலாம். 2025 செப்டம்பரிலிருந்து இந்த நிறுவனம் போன்ற சரக்குப் போக்குவரத்து முகமைக்கு இரண்டு வழி: வரவு இல்லாமல் 5 சதவீதம், வரவோடு 18 சதவீதம். இரண்டாவதில் லீஸ் செலவு ₹93,300 ஆகக் குறைவது சரி. ஆனால் வாங்குபவருக்கும் வண்டிக்குக் கட்டிய ₹7.02 லட்சம் திரும்பிவிடுகிறதே. விற்கும்போது அவர் கட்ட வேண்டிய வரி இரண்டில் எது அதிகமோ அது: எடுத்த வரவில் காலாண்டுக்கு 5 சதவீதம் வீதம் குறைத்த மீதி, அல்லது விற்ற விலைக்கான வரி. 12 காலாண்டு போனால் மீதி ₹2.81 லட்சம். ₹24 லட்சம் வரி உட்பட்ட விலை என்றால் அதில் உள்ள வரி ₹3.66 லட்சம். அதைக் கட்டிய பிறகும் வாங்கும் செலவு மாதம் ₹77,160 தான். மோசமான சந்தையில் ₹87,300. லீஸ் இரண்டிலும் பின்தங்குகிறது.

ஆக ஜி.எஸ்.டி. இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் தூக்கியிறக்குகிறது. தீர்ப்பை மாற்றுவது எச்ச மதிப்பு. லீஸ்காரர் ₹15.60 லட்சம் என்கிறார், நாமக்கல், சங்ககிரி சந்தையில் அதே வண்டி ₹19 முதல் ₹24 லட்சம் போகிறது. அந்த இடைவெளிதான் லீஸ் வாடகையில் நாம் கூடுதலாகக் கொடுப்பது. பழைய லாரியை விற்கும் அபாயத்துக்கு வாங்கும் இன்சூரன்ஸ் என்றுதான் லீஸைப் பார்க்க வேண்டும். பழைய லாரியை விற்கத் தெரிந்த, புரோக்கர்களை நேரில் அறிந்த ஊரில் இருப்பவர் அந்த இன்சூரன்ஸுக்கு ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்? 1954இல் தொடங்கிய சுந்தரம் பைனான்ஸ் முதல் லாரிக் கடன் கம்பெனிகள் தமிழ்நாட்டில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்குப் பழைய வண்டிக்கு இங்கே நம்பகமான விலை இருப்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

லீஸ்தான் என்று முடிவானால் பேரம் பேச வேண்டிய இடமும் இதுவே. மேலே உள்ள கணக்கில் எச்ச மதிப்பை ₹1 லட்சம் ஏற்றினால் வாடகை மாதம் ₹2,320 குறையும். வட்டியில் ஒரு முழு சதவீதம் குறைத்து 11 ஆக்கினால் குறைவது ₹2,400. கால் சதவீத வட்டிக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு எச்ச மதிப்பு என்ன என்று கேட்காமலே எழுந்து வருபவர்கள்தான் அதிகம். அந்த எண்ணை எழுத்தில் தர மறுக்கும் லீஸ்காரரோடு பேச்சைத் தொடர வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல். சரக்குப் போக்குவரத்து முகமைக்கு வாகனத்தை வாடகைக்கு விடுவதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. லீஸ் பத்திரத்தை அந்த விலக்குக்குள் கொண்டுவந்தால் 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் விலக்குப் பெற்ற வாடகைக்கு லீஸ்காரர் வரவு எடுக்க முடியாது, அவருடைய முதல் ₹39 லட்சத்திலிருந்து ₹46.02 லட்சமாகிவிடும். அதே வட்டி, அதே எச்ச மதிப்பில் வாடகை ₹1,16,640 ஆகிறது. வரி போட்ட வாடகையைவிட அதிகம். எந்த முறை என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதாவிட்டால் இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது வரியும் வட்டியும் யார் தலையில் என்பது வழக்காகும்.

பதினோராவது வண்டி

வருமான வரியில் 44 ஏ.இ. என்று எல்லாரும் அறிந்த அனுமான வருமான முறை (கணக்குப் புத்தகம் எழுதாமல் வண்டிக்கு இவ்வளவு என்று வருமானம் காட்டுவது), ஆண்டில் எந்த நேரத்திலும் 10 சரக்கு வாகனத்துக்கு மேல் சொந்தமாக இல்லாதவர்களுக்கு. 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் ₹1,000 வருமானமாக எடுத்துக்கொள்ளப்படும். 35 டன் வண்டிக்கு மாதம் ₹35,000, ஆண்டுக்கு ₹4.20 லட்சம். இந்த நிறுவனம் சரியாக 10 வண்டியில் நிற்கிறது. பதினோராவது வண்டி பதிவாகும் ஆண்டிலேயே எல்லா வண்டிக்கும் இந்தச் சலுகை போய்விடும். வாடகைத் தொகையில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்று 10 வண்டிக்காரர் கொடுக்கும் உறுதிமொழியும் அதோடு போகும், ஆலை கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை மாட்டிக்கொள்ளும்.

"லீஸ் வண்டி சொந்த வண்டி ஆகாதே, எண்ணிக்கை 10ஐத் தாண்டாதே" என்ற யோசனை வரும். தவணையில் வாங்கிப் பணம் பாக்கியுள்ள வண்டியைச் சொந்தமாகக் கருத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சாதாரண லீஸைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆனால் லீஸ் வண்டி ஈட்டும் வருமானம் அனுமான முறைக்குள் வராது, அதற்குத் தனிப் புத்தகம் எழுதியே ஆக வேண்டும். ஒரே நிறுவனத்தில் பாதிக்குப் புத்தகம், பாதிக்கு அனுமானம் என்பது அதிகாரி முதலில் விரல் வைக்கும் இடம். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் லீஸ் எடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

புத்தகம் எழுதும் நிலைக்கு வந்தபின் "லீஸ் வாடகை முழுதும் செலவு" என்ற இரண்டாவது காரணமும் இளைத்துப்போகிறது. வாடகைக்கு ஓட்டும் லாரிக்குத் தேய்மானம் 30 சதவீதம். முதல் ஆண்டில் ₹13.81 லட்சம் தேய்மானம், ₹3.52 லட்சம் வட்டி, ஆக ₹17.33 லட்சம் கழிக்கலாம். லீஸில் கழிப்பது ₹13.21 லட்சம். தன் சொந்தச் சரக்கை ஏற்றும் கம்பெனிக்குத் தேய்மானம் 15 சதவீதம்தான், அவர்களுக்கு இந்த ஒப்பீடு தலைகீழாகும். வாடகை லாரிக்காரர் அந்தக் கம்பெனிகளைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. லீஸ் வண்டியின் தேய்மானம் யாருக்கு என்பது பழைய சண்டை. ஐ.சி.டி.எஸ். என்ற நிதி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பு சொன்னது: ஆர்.சி. புத்தகம் லீஸ் எடுத்தவர் பெயரில் இருந்தாலும் உரிமையாளர் லீஸ் விட்ட கம்பெனிதான், உயர்ந்த விகிதத் தேய்மானமும் அதற்குத்தான். வண்டியை ஓட்டுபவருக்கு மிச்சம் வாடகை மட்டும்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

"மூன்று வருடத்தில் கொடுத்துவிட்டு நிம்மதி" என்ற மூன்றாவது காரணத்தை யார்டில் நின்று பார்க்க வேண்டும்.

வண்டி உள்ளே வருகிறது. ஆய்வாளர் முதலில் இன்ஜினைத் திறப்பதில்லை. கையில் டயர் ஆழமானியோடு குனிந்து, பின் அச்சில் இரட்டை டயரின் உள் டயருக்குப் போகிறார். முன் டயர் பார்வைக்கு வழுவழுப்பில்லாமல் இருக்கும், வெளி டயரும் சுமாராக இருக்கும், உள் டயர்தான் கதை சொல்லும். உள் டயரின் வால்வு கைக்கு எட்டாது, கிளீனர் காற்று பார்க்காமல் விட்டுவிடுவார். காற்றுக் குறைந்த டயர் பக்கச்சுவர் மடங்கிச் சூடேறும், அதன் பங்குப் பளுவும் வெளி டயரில் ஏறும், இரண்டும் இரண்டு விதமாகத் தேயும். ஊசி காட்டும் அளவு ஒப்பந்தத்தில் உள்ள பாதி ஆழத்துக்குக் கீழே இருந்தால் அந்த டயருக்கு முழு விலை எழுதுவார். ரீட்ரேட் டயர் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) என்றால் ஆழம் இருந்தும் எழுதுவார்.

டயர் ஒன்று ₹22,000, ரீட்ரேட் ₹7,000, இரண்டு உயிரும் சேர்ந்து 1,40,000 கி.மீ. என்று வைத்தால் 12 டயருக்கு கிலோமீட்டருக்கு ₹2.49 ஆகிறது. இப்படித்தான் நாமக்கல் ஓட்டும். லீஸ் பத்திரம் "12ம் புது டயர், பாதி ஆழத்துக்குக் குறையாமல், ரீட்ரேட் இல்லாமல்" என்று கேட்டால், கடைசியில் ₹2.64 லட்சத்துக்கு டயர் போட்டுக் கொடுக்க வேண்டிவரும். 36 மாதத்தில் பிரித்தால் மாதம் ₹7,333. கொட்டேஷனில் இல்லாத வாடகை இது.

கிலோமீட்டர் வரம்பு அடுத்தது. ஆண்டுக்கு 84,000 என்று எழுதியிருந்தால் நம் லைனில் 36 மாதத்தில் 10,080 கி.மீ.தான் மீறும். அதிகப்படிக்கு ₹4 என்றால் ₹40,320, தாங்கலாம். ஆனால் கோவையிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பாமல் ரிட்டர்ன் லோடு தேடிச் சுற்றி மாதம் 9,000 கி.மீ. ஓட்டினால் மீறல் 72,000, அபராதம் ₹2.88 லட்சம். சம்பாதிக்கும் டிரைவருக்கே தண்டனை விதிக்கும் விதி இது. வரம்பை ஆண்டுவாரியாக அல்லாமல் 36 மாத மொத்தமாகவும், ஒரு வண்டிக்கு அல்லாமல் எல்லா வண்டிக்கும் சேர்த்தும் எழுதச் சொல்ல வேண்டும். ஒன்று குறைவாக ஓடியது இன்னொன்றின் மீறலை ஈடுகட்டும்.

பி.எஸ். 6 வண்டியில் புகைக்குழாய் அமைப்பும் சோதனைக்கு வரும். 2020 ஏப்ரலிலிருந்து விற்கும் வண்டிகளில் டீசலோடு, புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூவும் ஊற்ற வேண்டும். டீசல் அளவில் 5 சதவீதம் என்று வைத்தால், லிட்டருக்கு 3.8 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு மாதம் 1,916 லிட்டர் டீசல், 96 லிட்டர் ஆட்புளூ. 32.5 சதவீத யூரியாக் கரைசல், ஐ.எஸ்.ஓ. 22241 தரம். அதை மிச்சம் பிடிக்க உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் ஊசிமுனை படிகம் கட்டி அடைக்கும், வாயு சென்சார் பழுதாகும், இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். சென்சாரைத் துண்டித்துப் பொய்ச் சிக்னல் தரும் எமுலேட்டர் மாட்டினால் யார்டில் கணினி இணைத்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், முழு அமைப்புக்கும் பில் வரும். சொந்த வண்டியானாலும் இதைச் செய்யக் கூடாது. வாங்க வருபவரும் இப்போது கணினியோடுதான் வருகிறார்.

இதற்கெல்லாம் மேலே முன்கூட்டியே முடிக்கும் விதி. ஆலை 20ஆம் மாதம் ஒப்பந்தத்தை முறித்தால் லீஸில் மீதி 16 மாதம். மீதி வாடகையில் 60 சதவீதம் என்று எழுதியிருந்தால் வரி இல்லாமலே வண்டிக்கு ₹8.96 லட்சம் கட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியே வர வேண்டும். வாங்கிய வண்டியென்றால் அன்று கடன் பாக்கி ₹27.37 லட்சம். அவசரத்துக்கு ₹28 லட்சத்துக்குப் போனாலும், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் போக, போட்ட கைப்பணம் கரையுமே தவிர மேலும் கையிலிருந்து பெரிதாகக் கட்ட வேண்டியிருக்காது. வேறு லைன் கிடைத்தால் விற்கவே வேண்டாம். ஆலை நம்மை எந்த நோட்டீஸில் நிறுத்தலாமோ, அதே நோட்டீஸில் நாம் லீஸை நிறுத்த முடிய வேண்டும். இது இல்லாத லீஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு என்பதிலும் லீஸ் பாதுகாப்புத் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி லீஸ், தவணை, கடன் எதில் இருந்தாலும் வண்டியைக் கையில் வைத்திருப்பவர்தான் உரிமையாளர். 2022 ஜூன் முதல் 20 முதல் 40 டன் வரையிலான சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ₹43,950. அதை ஒரு நாள் விட்டாலும் இழப்பீடு லீஸ் எடுத்தவர் தலையில்தான். வண்டி முழுச் சேதமானால் இன்சூரன்ஸ் பணம் முதலில் லீஸ்காரருக்குப் போகும், மீதி வாடகைக்கும் அதற்கும் இடைவெளி இருந்தால் யார் கட்டுவது என்பதைப் பத்திரத்தில் பார்க்க வேண்டும்.

எழுத்து வேலை இரண்டு வழியிலும் ஒன்றுதான். ஆர்.சி.யில் பைனான்ஸ் அல்லது லீஸ் பதிவு ஏற படிவம் 34, நீக்க படிவம் 35. திருப்பிக் கொடுக்கும் நாளில் தேதி, நேரம், ஓடோமீட்டர் எண், நான்கு பக்கப் படத்தோடு ஒப்படைப்புச் சீட்டு வாங்காமல் யார்டை விட்டு நகரக் கூடாது. பதிவு மாறும்வரை வரும் இ-சலான் பழைய பெயருக்கே வரும்.

எடுத்த முடிவு

எட்டு வண்டி புதிதாக வாங்குவது, நான்கு வண்டி அட்டாச், அதாவது வெளி வண்டிக்காரரின் வண்டியைத் தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பது.

ஆலை எழுதிக்கொடுத்த 2,500 டன்னை எட்டு சொந்த வண்டி இழுக்கும். மற்ற நான்கை மழை மாதங்களில் சும்மா நிறுத்தினால் மூன்று மாத டியூ மட்டும் ₹9.69 லட்சம், லீஸ் என்றால் ₹13.21 லட்சம். ஆண்டுதோறும் இந்தப் பணத்தை மழைக்குக் கொடுப்பதைவிட, உச்ச மாதங்களில் வெளி வண்டிக்காரருக்குச் சந்தை வாடகை கொடுப்பது மலிவு. அட்டாச் வண்டிக்கு ஒரே பலவீனம், வேறெங்காவது வாடகை ஏறினால் போய்விடும். டீசலுக்கு முன்பணம், மீதிக்கு ஒரு வாரத்தில் செட்டில்மெண்ட், இந்த இரண்டையும் தவறாமல் செய்பவரிடம் வண்டி நிற்கும். அதற்குக் கைப்பணம் வேண்டும். நான்கு வண்டி வாங்காததால் ₹32.08 லட்சம் கையில் இருக்கிறது. ஆலை வாடகைப் பில்லை 60 நாளில்தான் தரும் என்றால், லிட்டர் ₹92 வீதம் 12 வண்டிக்கும் இரண்டு மாத டீசலுக்கே ₹42.3 லட்சம் முடங்கும். லாரி நிறுவனங்கள் பெரும்பாலும் டியூவில் விழுவதில்லை, இந்த டீசல் பணத்தில்தான் விழுகின்றன.

பட்டறையோ விற்கும் வழியோ இல்லாமல் தன் சரக்கைத் தானே ஏற்றும் தொழிற்சாலைக்கு லீஸ் சரியாக வரலாம். மின்சார லாரிக்கும் அப்படியே. மத்திய அரசு பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் மின்சார லாரிக்கு ₹9.6 லட்சம் வரை ஊக்கத்தொகை அறிவித்தது, ஆனால் மூன்று வருடம் ஓடிய மின்சார லாரியை, பேட்டரி நிலை தெரியாமல், என்ன விலைக்கு விற்பது என்று சொல்ல இன்னும் சந்தை இல்லை. அங்கே எச்ச மதிப்புக்கு இன்சூரன்ஸ் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த எட்டு வண்டியை விற்கும் நாளை இப்போதே குறித்துவைக்கலாம். புது சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) இரண்டு வருடம், பிறகு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 36ஆம் மாதத்தில் இன்னும் ஒரு வருட எஃப்.சி. மீதி இருக்கும், வாங்குபவருக்கு அது விலை. மழைக்கு முன்பு, ஆகஸ்டில், சந்தை சூடாக இருக்கும்போது விற்க வேண்டும். டயரைப் புதிதாக மாற்றாமல் இருக்கிறபடி கொடுக்கலாம், இந்த ஊரில் டயர் தேய்மானத்தைக் கழித்து விலை பேசத் தெரியாத புரோக்கர் இல்லை.

வாங்கும் நாளுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய வண்டிக்குத் தேய்மானம் பாதிதான், 30க்குப் பதில் 15. சாதாரண ஆண்டில் அந்தக் கோடு அக்டோபர் 3. சேஸிஸ் ஜூலை கடைசியில் கைக்கு வந்து, பாடி கட்ட நான்கு வாரம், பிறகு பதிவு, இன்சூரன்ஸ், ஆண்டுக் கட்டணம் ₹16,500 கட்டி நேஷனல் பர்மிட் என்று போனால் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் முதல் வண்டி அரியலூர் வரிசையில் நிற்கும். எட்டாவது வண்டியின் முதல் லோடு ரசீது அக்டோபர் 3 அல்லது அதற்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். பதிவுத் தேதி போதாது, வண்டி வேலைக்கு இறங்கிய தேதிதான் கணக்கு.